ரேடியோவுக்குப் போதுமான படிப்பு

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் குட்டை டீச்சர். அது அவளுக்கும் தெரியும். "குட்டைதான், அதுக்கு என்ன இப்போ? கரும்பலகைல கீழ்ப்பாதியிலதான் எழுதுவேன். உங்களுக்குத்தானே வசதி!" என்று அவளே சிரிப்பாள்.

ஒரே அறை, மூன்று வகுப்பு, அறுபத்தொரு பிள்ளைகள், ஒரே டீச்சர். இன்னொருவரைப் போடுகிறோம் என்று மேலிடத்தில் சொல்லிப் பதினெட்டு வருடம் ஆகிறது. போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கத்திக் கத்தியே அவள் தொண்டை போயிற்று. வீட்டுக்கு வந்தால் பேச்சு வராது. "அங்க ஊரையே கூட்டறீங்க, இங்க வந்து ஊமையாயிடறீங்க" என்பாள் அண்ணி. பேச்சைக் குறைக்காவிட்டால் குரலே போய்விடும் என்றார் டாக்டர். ஒரு டீச்சர் பேச்சைக் குறைக்க வேண்டுமாம், நல்ல கதை!

அந்த நேரத்தில்தான் அந்தச் சிறுமி ஒன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். எலும்பும் தோலுமாக இருப்பாள். வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். பிள்ளைகள் அவளை ரேடியோ என்றார்கள். டீச்சர் அவளை முன்னால் நிறுத்தினாள். முந்தின நாள் கடைசி மணியில் டீச்சர் பாடத்தை ஒரே ஒரு முறை மெல்ல வாசித்துக் காட்டுவாள். மறுநாள் ரேடியோ புத்தகத்தை விரித்துப் பிடித்து வரிவரியாகச் சொல்ல, அறை முழுக்கத் திருப்பிச் சொல்லும். வாய்ப்பாடும் அப்படித்தான். டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மதிப்பெண் அட்டையில் "மிக நன்றாக வாசிக்கிறாள்" என்று எழுதினாள். மனமாரத்தான் எழுதினாள்.

ரேடியோ இரண்டாம் வகுப்பை முடிக்கும் சமயம் புது உத்தரவு வந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்கார வைத்து, பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியை வாசிக்கச் சொல்ல வேண்டும். மேசையில் கொட்டிய பொத்தான்களை எண்ணிக் கொடுக்கவும் சொல்ல வேண்டும். டீச்சர் முதலில் கூப்பிட்டது ரேடியோவை. ஆரம்பமே அமர்க்களமாக இருக்கட்டும் என்ற ஆசை.

ரேடியோ தாளைப் பார்த்தாள். "நீங்க ஒரு தடவ சொல்லுங்க டீச்சர், அப்புறம் நான் சொல்லிடறேன்" என்றாள்.

"நான் சொல்லக் கூடாதும்மா. நீயாப் படி."

"நீங்க சொல்லாம எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

அவள் குறும்பு செய்யவில்லை. வாசிப்பது என்றால் அதுதான் என்று இரண்டு வருடமாக நம்பியிருந்தாள். டீச்சர் பத்தியை விட்டுச் சொல்லுக்கு இறங்கினாள், சொல்லை விட்டு எழுத்துக்கு. மூன்றே எழுத்து தெரிந்தது, மூன்றும் அவள் பெயரில் இருப்பவை. ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் சொன்னவள், ஏழு பொத்தான் எடுத்துக் கொடு என்றதும் ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்தாள்.

என் தொண்டையைக் காப்பாற்றிக்கொள்ள இந்தக் குழந்தையின் இரண்டு வருடத்தைத் தின்றுவிட்டேனே என்று டீச்சரின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மூன்றாம் வகுப்பும் தன்னிடம்தானே, தினம் அரை மணி நேரம் தனியாக உட்கார வைத்துத் தேற்றிவிடலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ரேடியோ வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சர் வீட்டுக்கே போனாள்.

ஒற்றை அறை வீடு. ரேடியோவின் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. கதவோரம் நான்கு வயதுத் தங்கை நின்றாள். அம்மா நான்கு வீடுகளில் பெருக்கித் துடைக்கிறவள். அவசர அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்குப் படிப்பு போதும் டீச்சர். நான் வேலைக்குப் போயிட்டா கைக்குழந்தைய யாரு பாத்துக்குவா? ரொம்ப நல்லா வாசிக்கிறான்னு நீங்களே எழுதியிருக்கீங்களாமே! பக்கத்து வீட்டு அண்ணன்தான் படிச்சுச் சொன்னாரு."

அந்த அட்டை சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது.

"அது என் தப்பும்மா," என்றாள் டீச்சர். "அவளுக்கு இன்னும் வாசிக்க வராது. ஒரே ஒரு வருஷம் அனுப்புங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அம்மாவின் முகம் சுண்டிப் போனது. "நிறுத்திட்டோம்னு கோவத்துல சொல்றீங்களா? ஏய், புத்தகத்த எடுடி. படிச்சுக் காட்டு டீச்சருக்கு."

ரேடியோ குழந்தையைக் கீழே விட்டுவிட்டுப் புத்தகத்தை விரித்தாள். விரிந்த பக்கத்தில் இருந்தது மழையைப் பற்றிய பாடம். அவள் வாயிலிருந்து வந்ததோ ஆமைக் கதை. ஒரு சொல் பிசகவில்லை. விரல் வரிவரியாக நகர்ந்துகொண்டே இருந்தது. அம்மா டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள்.

டீச்சர் குனிந்து பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டாள். "இது என்ன கண்ணு?"

ரேடியோ ஆமைக் கதையை முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே சொல்லுக்குச் சொல் விரலை நகர்த்தி, டீச்சரின் விரல் வரை வந்து சேர்ந்தாள். "குளம்" என்றாள்.

"இல்லடா, அது குடை." என்றாள் டீச்சர்.

"குளமோ குடையோ, ஒரு வார்த்தை தப்பினதுக்கா டீச்சர் இவ்வளவு பேச்சு?" என்றாள் அம்மா. அந்த வீட்டில் இது ஒரு வார்த்தைத் தப்பு இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் டீச்சர்தான். அதை எப்படிப் புரியவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ரேடியோ தலையைக் குனிந்துகொண்டு குழந்தையைத் தூக்கி மறுபடி இடுப்பில் வைத்தாள்.

டீச்சர் நின்ற நிலையைப் பார்த்து அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை போல. கதவோரம் நின்ற சின்னவளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். அடுத்த வருஷம் இவளச் சேத்துடறேன். இவளையும் அவ அக்கா மாதிரியே ஆக்கிடுங்க."