ரோஜா இதழ் போட்ட உரக்குழி

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த தீவு ஹோட்டலின் வாசலில் ஒரு பச்சைப் பலகை உண்டு. 'இங்கே இயற்கைதான் எங்கள் முதலாளி' என்று அதில் எழுதியிருக்கும். நிஜ முதலாளி சென்னையில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை ஃப்ளைட்டில் வருவார். பீச்சில் கிடக்கும் ஒரு பேப்பர் கப்பைப் பொறுக்குவார். அதைப் போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். என்னைக் கிச்சனில் பாத்திரம் கழுவப் போட்டார்கள். கூடவே இன்னும் இரண்டு வேலை. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் மூங்கில் ஸ்ட்ரா வரும். ஒவ்வொரு ஸ்ட்ராவும் தனித்தனி பிளாஸ்டிக் உறைக்குள் வரும். கெஸ்ட் கண்ணில் படும் முன்னால் நான் உறையை உருவ வேண்டும். எங்கள் ஹோட்டலில் பிளாஸ்டிக் இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். இப்படித்தான் இல்லை.

இன்னொரு வேலை வேஸ்ட் டிரம். கோழிக்குடல், மீன் தலை, இறால் ஓடு. எங்கே கொட்டுவது என்று சமையல்காரர் பிஷு தாவிடம் கேட்டேன். அவர் பெங்காலி; 'தா', 'தாதா' என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவர்.

"நாலாவுல போடு. வேற எங்க?"

"போர்டுல உரக்குழின்னு எழுதியிருக்கே தாதா?"

"அரே, அது கெஸ்ட் பாக்குறதுக்கு. நீ என்ன கெஸ்டா?"

நாலா என்பது ஹோட்டலுக்குப் பின்னால் ஓடிக் கடலில் சேரும் உப்போடை. உரக்குழி முன்பக்கம், ஸ்பாவுக்குப் போகிற வழியில் இருந்தது. அதில் காய்ந்த இலையும், ஹனிமூன் ரூம்களில் மிஞ்சிய ரோஜா இதழும் கிடக்கும். பக்கத்தில் போனால் வாசனையாக இருக்கும். உரக்குழி ஏன் மணக்கிறது என்று ஒரு கெஸ்டுக்கும் சந்தேகம் வந்ததில்லை.

2. ட்ராலிச் சத்தம்

என் அண்ணன் குமார் அதே ஹோட்டலில் போட் ஓட்டினான். நாலா கடலில் சேரும் இடத்தில்தான் போட்டைக் கட்டுவான். எடுக்கும்போது இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தள்ள வேண்டும்.

நான் தினமும் காலை பத்து மணிக்கு ட்ராலியில் டிரம்மைத் தள்ளிப் போய் நாலாவில் கொட்டுவேன். இரண்டு மாதத்தில் ஒரு முதலை வர ஆரம்பித்தது. பிறகு ட்ராலிச் சக்கரம் கிறீச்சிட்டாலே வந்துவிடும். அண்ணன் மேனேஜரிடம் போனான். நானும் பக்கத்தில் நின்றேன்.

"சார், அதுக்கு நாமளே தீனி போட்டு வளக்குறோம். அந்தத் தண்ணியிலதான் சார் நான் இறங்கணும்."

"குமாரு, கெஸ்டெல்லாம் ஆசையா வீடியோ எடுக்குறாங்கப்பா. ரிவ்யூல அதான் எழுதுறாங்க. நீ பாத்து இறங்கு."

"அது பாத்து ஒதுங்குமா சார்?"

"வாய் ஜாஸ்திடா உனக்கு."

வெளியே வந்ததும் அண்ணன் என் தலையில் தட்டினான். "ஏ லூசு, நீயாச்சும் கொட்டாத."

"கொட்டலைன்னா என்னைத் தூக்கிருவாங்கண்ணே."

மறுநாளும் கொட்டினேன். இந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட எனக்கு வழியில்லை.

மழை முடிந்து சீசன் தொடங்கிய வாரம், போட்டைத் தள்ள இறங்கிய அண்ணன் திரும்ப ஏறவில்லை. மூன்றாம் நாள்தான் கிடைத்தான். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஹோட்டல் இரண்டு காரியம் செய்தது. 'முதலை இந்த மண்ணின் மூத்த குடி, மதிப்போம்' என்று நாலாக் கரையில் பலகை வைத்தது. அண்ணன் பேரில் உரக்குழிப் பக்கத்தில் ஒரு தென்னங்கன்று நட்டது. நட்டுவிட்டு மேனேஜர் பத்து நிமிஷம் பேசினார். அடுத்த நாள் காலையில் டிரம் நிரம்பியது. "க்யா கரேன், என்ன பண்றது செல்வி, நாலாதான்" என்றார் பிஷு தா.

அம்மா வேலையை விடச் சொன்னாள். நான் விட்டால் இன்னொருத்தி வந்து கொட்டுவாள். அண்ணன் இடத்துக்கு ராஜு என்று ஒருத்தன் வந்து, அதே தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தான். நான் மண்வெட்டி எடுத்து, டிரம்மில் இருந்ததை ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் பின்னால் புதைத்துப் பார்த்தேன். மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் நாய்கள் எல்லாவற்றையும் தோண்டி இழுத்துப் போட்டன. மறுபடி நாலாதான்.

3. ஆடிட்

அந்த நேரத்தில்தான் பச்சைச் சான்றிதழ் தருவதற்காகக் கோயம்புத்தூர் மேடம் ஒருவர் வந்தார். முந்தின நாள் மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்திப் பாடம் எடுத்தார்.

"கிச்சன் வேஸ்ட் எங்க போகுது?"

"எல்லாம் உரக்குழிக்கு சார்."

"சபாஷ். அதையே சொல்லு."

சொல்வானேன், செய்தே காட்டலாம் என்று தோன்றியது. மறுநாள் மேடமும் மேனேஜரும் உரக்குழி ஓரம் நின்றபோது டிரம்மைத் தள்ளிக்கொண்டு போனேன். ரோஜா இதழ் மேல் அப்படியே கவிழ்த்தேன்.

"ஏய்! என்ன பண்ற நீ?"

"நீங்க சொன்னதுதான் சார். எல்லாம் உரக்குழிக்கு."

மேடம் மூக்கைப் பொத்தினார். ஆனால் நகரவில்லை. "தினமும் இவ்வளவு வருமாம்மா?"

"வரும் மேடம்."

"இந்தக் குழியில ஒரு மீன் முள்ளுகூட இல்லையே. இத்தனை நாளா எங்க போச்சு?"

"நாலாவுக்கு மேடம். முதலைக்கு."

மேனேஜர் குறுக்கே வந்தார். "மேடம், பாவம், இந்தப் பொண்ணுக்கு மனசு சரியில்ல. அண்ணன் தவறிட்டான்."

"எப்படித் தவறினார்?"

மேனேஜர் தென்னங்கன்றைக் காட்டினார். நான் நாலாவைக் காட்டினேன்.

4. மூன்று இலை

சான்றிதழ் வந்தது. ஐந்து இலைக்கு மூன்று இலை. அதற்கும் ஃபிரேம் போட்டு ரிசப்ஷனில் மாட்டினார்கள். எந்த கெஸ்டும் நின்று இலையை எண்ணப்போவதில்லை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வந்து பார்ப்பேன் என்று மேடம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பயத்தில் பின்னால் ஒரு நிஜக் குழி தோண்டி, கனமான மூடி போட்டார்கள். நாய் தொட முடியாது. வந்தால் மேடம் முதலில் என்னைத்தான் தேடுவார் என்பதால் என்னை அனுப்பவும் இல்லை. குழியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மேலே மண்ணும் மரத்தூளும் போட்டு மூடுகிறேன். ரோஜா இதழ் போடுவதில்லை.

முதலை கொஞ்ச நாள் சத்தத்துக்கு வந்து பார்த்தது. இப்போது ட்ராலிச் சக்கரத்துக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விடுகிறேன்.

ஹோட்டல் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, வாசல் பலகையைப் படித்ததோடு நிற்காதீர்கள். கிச்சனின் பின்கதவுக்குப் போய், டிரம் எங்கே போகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். நானும் முதல் நாளே கேட்டவள்தான்.