தாளில் இருந்த நஞ்சை

வளைகுடாவில், சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து சைட்டுக்கு அவரும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம். அவர் எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர்; பெரம்பலூர் பக்கம். விரலில் எப்போதும் மண் ஒட்டியிருக்கும். எங்கே தோண்டினாலும் வண்டியை நிறுத்தி இறங்கி, ஒரு சிட்டிகை மண்ணைத் தேய்த்துப் பார்த்து, "புஞ்சை, கடைசித் தரம்" என்பார். பாலைவனத்துக்குமா தரம் பிரிப்பது என்று எனக்கு எரிச்சல் வரும்.

எதற்கு இந்தத் தரம் பார்ப்பது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வெள்ளைக்காரன் எங்க நெலத்தை ஏரிப் பாசனம்னு நஞ்சையில எழுதிட்டான். அப்புறம் ஏரி தூர்ந்துபோச்சு. தண்ணி நின்னுச்சு, நஞ்சை வரி நிக்கல. கட்ட முடியாம முப்பாட்டன் காலத்துல பாதி நெலம் ஏலத்துல போச்சு. மிச்சம் ரெக்கார்டுல இன்னும் நஞ்சைதான். வெளையறது சோளம்."

"ஜமாபந்தியில மனு குடுத்து மாத்த வேண்டியதுதானே அண்ணே?"

"எதுக்கு மாத்தணும்?"

போனை நீட்டினார். போன லீவில் ஊராரோடு சேர்ந்து அவரே மிஷின் ஓட்டித் தூர்வாரிய ஏரி. மதகு வழியாகத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

"ரெக்கார்டு அப்படியே இருக்கட்டும் தம்பி. இந்த வருசம் நெல்லு நடுறோம்."

பிறகு அவர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். இப்போதும் தோண்டிய மண்ணைக் கண்டால் என் விரல் தானாகத் தேய்த்துப் பார்க்கிறது. என்ன தரம் என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.