வள்ளங்கள் இரண்டு

ஐம்பதை நெருங்கும் இந்த வயதுவரை நான் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. வீட்டில் அதற்கான பயிற்சியும் கிடைக்கவில்லை. போன மாதம் பேசினேன். ஒரு குளோபல் வேரியபிளுக்காக.

இராஜாக்கமங்கலம் பக்கத்து மீனவர் சங்கத்துக்காகக் காற்று எச்சரிக்கை நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். கடலில் ஒரு வள்ளம் நிற்கும் இடத்தில் காற்று வலுத்தால், அதன் வயர்லெஸ்ஸில் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். காற்றைக் கவனிக்கும் பகுதி சி மொழியில் யாரோ எழுதியது. என் பகுதி பைத்தான். எச்சரிக்கையை ஒலிக்கவிடும் என் ஃபங்ஷனையும் கூடவே வள்ளத்தின் எண்ணையும் சி-யிடம் ஒப்படைத்துவிட வேண்டும். காற்று வலுத்ததும் அது என் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, எண்ணைப் பிரித்துப் பார்க்காமல் திருப்பித் தரும். கால்பேக் என்பது இவ்வளவுதான்.

முதல் கூப்பிடலிலேயே நிரல் செத்தது.

சென்னையிலிருந்து மேலாளர் போனில் வந்தார். என்னைவிட இருபது வயது இளையவர். "எண்ணை ஒரு குளோபல் வேரியபிள்ல போட்டுருங்க சார். நாளைக்கு டெமோ. ஒரு போட்தானே காட்டப்போறோம்."

குளோபல் என்பது நிரல் முழுவதற்கும் பொதுவான ஒரே பெட்டி; கடைசியாகப் போட்ட எண் மட்டும்தான் அதில் நிற்கும். இரண்டு வள்ளங்கள் போனால், ஒன்றுக்கான எச்சரிக்கை மற்றதற்குப் போகும். காற்றில்லாத வள்ளம் கரைக்கு ஓடிவரும். காற்றில் மாட்டியது நிம்மதியாக வலை வீசும்.

"முடியாது, இரண்டு நாள் வேண்டும்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

பக்கத்தில் சங்கச் செயலாளர், என்னோடு பள்ளியில் படித்தவன். "என்னவாம் மக்கா?" என்றான். சொன்னேன்.

"எனக்க தம்பியும் கடல்லதான் கெடக்கான்" என்று போனை வாங்கினான். "சாரே, நாளைக்கு டெமோவுக்கு இங்கேருந்து ஒருத்தனும் வரமாட்டான். இவன் தீத்துட்டுக் கூப்பிடுவான்." வைத்துவிட்டான்.

இரண்டாம் நாள் பிழை அகப்பட்டது. அது என்னுடையதுதான். சி-யிடம் நான் கொடுத்தது எண்ணை அல்ல, எண் இருந்த இடத்தின் முகவரியை. என் பக்கம் அந்த எண்ணை யாரும் பிடித்திருக்கவில்லை என்று பைத்தான் அதைத் துடைத்து எறிந்திருக்கிறது.

"அட்ரஸக் குடுத்து விட்டுட்டு வீட்ட இடிச்சுப்போட்டியா?" என்றான் செயலாளர்.

"இடிச்சுட்டேன்."

"இதுக்கா ரெண்டு நாளு?"

எண்களையெல்லாம் என் பக்கமே ஒரு பட்டியலில் பிடித்து வைத்தேன். இரண்டே வரி. பிறகு கடலில் நின்ற இரண்டு வள்ளங்களுக்கும் ஒரே சமயத்தில் பொய்க்காற்று கொடுத்தோம். அதனதன் எச்சரிக்கை அதனதனில் ஒலித்தது. "கேட்டுது, கேட்டுது, கத்தாண்டாம்" என்றான் அவன் தம்பி, வயர்லெஸ்ஸில்.

தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வள்ளங்கள் இரண்டு என்று பதில் எழுதினேன். அதற்கு மேல் எழுதுவதாக இல்லை.