இருபத்தேழு அடிமரங்கள்

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். பிராண்டே என்ற இந்த டேனிஷ் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு யென்ஸ் ஒவ்வொரு கோடையிலும் கதவைத் தட்டி, இரண்டு வளவுக்கும் நடுவில் நிற்கும் செடிவேலியை எந்தச் சனிக்கிழமை வெட்டலாம் என்று கேட்பார். அவரவர் பக்கத்தை அவரவர் வெட்டுவோம், மேற்பக்கத்தை இருவரும் சேர்ந்து மட்டமாக்குவோம், பிறகு அவர் முற்றத்தில் கோப்பி. முதல் வருடம் எனக்கு இதில் ஏதோ சூழ்ச்சி இருப்பதாகவே பட்டது. அவர் வெட்ட வருவதற்கு முன்பே செடிகளின் அடிமரங்களை எண்ணி வைத்தேன். இருபத்தேழு. மனிதருக்கு இன்றுவரை அது தெரியாது.

எண்ணாமல் என்ன செய்வது? நான் பிறந்த இடத்தில் வேலி என்றால் வழக்கு. வேலி அடைக்கும்போதெல்லாம் எல்லையில் நட்ட கதியால் தடி ஒரு சாண் நகர்ந்துவிட்டது என்று என்னைப் பெற்ற ஐயாவும் பக்கத்துக் காணிக்காரரும் பதினொரு வருடம் யாழ்ப்பாணக் கோட்டுக்கு வழக்காட அலைந்தார்கள். வக்கீலை நாங்கள் அப்புக்காத்து என்போம். அவர் வீட்டுக்கு எங்கள் மாமரத்து முதல் காய்கள் போகும். கடைசியில் போர் வந்து இரண்டு குடும்பமும் ஒரே லொறியில் ஏறி ஓடினோம். வழியில் ஐயாவும் அவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

இந்தப் பரம்பரையில் வந்த என் மகள் நிலானி ஓகூஸ் நகரில் சட்டம் படிக்கிறாள். வழக்கறிஞராக வேண்டுமென்றால் முதலில் ஒரு நிறுவனம் பயிற்சிக்கு எடுக்க வேண்டும். இரண்டு நிறுவனங்கள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன. மூன்றாவது நிறுவனம் ஒரு முழு நாள் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. ஒரு வழக்கை விளக்க வேண்டும், எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேச வேண்டும், மதியச் சாப்பாட்டிலும் கவனிப்பார்களாம். பேரம் பேசிப் பழக ஆள் வேண்டும் என்றாள். காற்றாலைத் தொழிற்சாலையில் இத்தனை வருடம் முறுக்காணி முடுக்கிய எனக்கு இப்படியொரு வேலை கிடைத்ததில் தலைகால் புரியவில்லை.

பழகுவதற்கு அவள் கொண்டுவந்த கதை இதுதான். நான் ஒரு முற்றத்தின் சொந்தக்காரன். அவள் பேக்கரிக்காரர் ஒருவரின் வழக்கறிஞர். காலையில் லொறி நிறுத்த என் முற்றத்தில் இடம் கேட்கிறாள். பனி தள்ளித் தருவதாகச் சொன்னாள், மறுத்தேன். ஒரு மணி நேரம் மட்டும் என்றாள், மறுத்தேன். ஐந்து பின்னேரங்கள் தொடர்ந்து வென்றேன். பிள்ளையைத் தோற்கடித்து என்னத்தைக் காணப்போகிறேன் என்று மனைவி குசினியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆறாம் நாள் நிலானி பேனையை வைத்தாள். வீட்டில் எதற்கும் டேனிஷில் பதில் சொல்கிறவள், அன்று தமிழில் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு உண்மையில என்ன வேணும்?"

யோசித்துப் பார்த்தேன். "அவன் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"அது அவருக்கு என்ன கிடைக்கக் கூடாது எண்டது. உங்களுக்கு என்ன வேணும்?"

தேர்வில் யார் வென்றது என்று பார்க்கமாட்டார்கள், பேரம் முடிந்து எதிரே இருந்த ஆள் தன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவானா என்றுதான் பார்ப்பார்கள் என்று டேனிஷில் விளக்கினாள். எனக்கு ஐயாவை நினைத்துப் பாவமாக இருந்தது. பதினொரு வருடத்தில் அவரிடம் யாருமே அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மாங்காய் தின்ற அப்புக்காத்தும் கேட்கவில்லை.

தேர்வு முடிந்து இரண்டு கிழமையில், நானும் யென்ஸும் வேலி வெட்டிக்கொண்டிருந்த சனிக்கிழமை, நிலானி ரயிலில் வந்து இறங்கினாள். முதல்நாளே தெரிந்த செய்தியை நேரில் சொல்வதற்காக ஒளித்து வைத்திருந்தாள்.

"எடுத்திட்டினம் அப்பா. எனக்கு எதிர இருந்த பெடியன் ஒரு சாணும் விட்டுத்தரேல்ல. எனக்குக் கஷ்டமாவே இல்லை. உங்களோட ஆறு நாள் இருந்தனான்தானே."

கத்தரியைப் போட்டுவிட்டுச் சிரித்தேன், கண்ணும் கலங்கியது. என்ன விஷயம் என்று யென்ஸ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நிலானி அவருக்கும் சொல்லிக்கொண்டே சுற்றிப்போய் அவருடைய முற்றத்தில் உட்கார்ந்தாள். கோப்பி ஆறப்போகிறது என்று இருவரும் டேனிஷில் கூப்பிட்டார்கள்.

"வாறன்" என்றேன். பிறகு அவர்கள் பார்க்காதபடி குனிந்து, ஐயாவுக்காக அடிமரங்களை ஒருமுறை எண்ணினேன். இருபத்தேழும் வைத்த இடத்தில் நின்றன. கையைத் தட்டிவிட்டு யென்ஸ் வீட்டுக்குப் போனேன்.