மழைக்கு முன் மீன் கடிக்கும்

எழுபதுகளின் கடைசியில், வேங்கிக்கால் ஏரிக்கரையில் அந்த அறிவியல் டீச்சரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, கையில் தூண்டில். பொம்பளை மீன் பிடிப்பதா என்று ஊர் சிரித்தது. அவர் விடவில்லை.

அன்று மலைக்குப் பின்னால் வானம் கறுத்தது. "மழை வருது, எழுந்து வாங்க டீச்சர்" என்றேன்.

"காத்தழுத்தம் இறங்குது. இப்பதான் மீன் ஜாஸ்தி கடிக்கும். நீங்க போங்க" என்றார், திரும்பாமலே.

மழை கொட்டியது. முழுக்க நனைந்தும் அவர் எழவில்லை. ஒரு மீனும் கடிக்கவில்லை. மரத்தடியில் என்னோடு ஒதுங்கியிருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"சொன்னது பொய்யா போச்சே டீச்சர்!"

அவர் எங்களை நேராகப் பார்த்தார். "இன்னிக்கு கடிக்கலைன்னா பொய்யாயிடுமா? நாளைக்கும் மழைனு ரேடியோல சொன்னாங்க. வருவேன். நீங்களும் வந்து சிரிங்க."

சொல்லிவிட்டுப் புதுப் புழுவைக் கோத்தார். அவருக்கு வேண்டியிருந்தது மீன்தானா என்று இன்றும் யோசிக்கிறேன்.