எலிக்கு யார் ஊற்றிக் கொடுத்தது

காசிராஜன் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. இதைச் சொன்னால் பரளச்சியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். தங்கை செல்வலட்சுமிக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

லோடு வண்டி ஓட்டிப் பிழைத்த மனிதர். நாற்பதை நெருங்கும்போது கால் பின்னத் தொடங்கியது, நாக்கு குழறியது. அவ்வளவுதான், குடிகாரன் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. வண்டி முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "காலையிலயே ஏத்திட்டு வந்துட்டியா? எறங்குய்யா" என்று கண்டக்டர் நட்டநடுக் காட்டில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார். பஸ் நிறைய ஆட்கள் இருந்தார்களே, ஒருவராவது வாயை மோந்து பார்த்திருக்கக் கூடாதா? அண்ணன் தங்கையைப் பெற்ற அப்பாவும் இப்படித்தான் தள்ளாடி, இப்படித்தான் பேர் கெட்டுச் செத்தார்.

கடைசியில் மதுரையில் டாக்டர் கிருஷ்ணப்ரியா அண்ணன் தங்கை இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பரம்பரையாக வருகிற மூளை நோய், மரபணுவில் ஒரு பிழை என்றார். அதே பிழையை எலிகளுக்குள் வைத்து வளர்த்து மருந்து தேடுகிறார்கள் என்று சொல்லி, செல்போனில் ஒரு வீடியோவும் காட்டினார். சுழலும் உருளைமேல் ஓர் எலி கால் பின்னி விழுந்தது. மருந்து ஏற்றிய இன்னொன்று விழாமல் நடந்தது.

"நம்ம அப்பா நடையேதான்" என்றார் காசிராஜன், குழறிய நாக்கோடு. "அந்த எலிய யாரும் குடிகாரன்னு சொல்லலையே."

"அந்த ஊசிய எங்கண்ணனுக்குப் போடுங்கம்மா" என்றாள் செல்வலட்சுமி.

"மனுசங்களுக்கு வர இன்னும் பல வருசம் ஆகும்மா. வராமலும் போகலாம்."

அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை, அவர்மேல் கோபமில்லை. ஆனால் எலி தள்ளாடினால் அது நோய் என்று உலகத்துக்கே தெரிந்திருக்கிறது, அண்ணன் தள்ளாடினால் மட்டும் யாருக்கும் தெரியவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடியோவைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் போய்ச் சேர்ந்து முதல் வருசத் திதி வந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைப்பது வழக்கம். சித்தப்பா தவசி பையிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து வடைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பாவம், ஆசப்பட்டுக் குடிச்ச புள்ள" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், இந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. பாட்டிலை எடுத்து வாசலுக்கு வெளியே வீசினாள். போனில் வீடியோவை ஓடவிட்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணனுக்கு வந்த சீக்கத்தான் இந்த எலிக்குள்ள வச்சிருக்காக. எப்பிடித் தள்ளாடுதுன்னு பாருங்க சித்தப்பா. இதுக்கு யாரு ஊத்திக் குடுத்தா? சொல்லுங்க."

போன் கைமாறிக் கைமாறிப் போனது.

"எங்களுக்கு என்னத்தா தெரியும்" என்றார் தவசி, மெதுவாக.

அண்ணனுக்குப் பிடித்த பன்னீர் சோடாவை எடுத்துவர அவள் எழுந்தாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் கால் பின்னியது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"ஆமா, எனக்கும் அதே ரத்தந்தான். டாக்டரம்மா அப்பவே சொல்லிட்டாக" என்றாள். "நாளைக்கு நானும் இப்பிடித்தான் ரோட்டுல வருவேன். என் வாய மோந்து பாத்துட்டுப் பேசுங்க."