ஆத்தாளுக்கு அரைத்த மிளகாய்

கோபத்தோடு மிளகாய் அரைக்க மிக்ஸி லாயக்கில்லை. எங்கள் பொள்ளாச்சிப் பக்கம், யாராவது நமக்கு அநியாயம் செய்துவிட்டால், அம்மன் கோயில் அம்மியில் வரமிளகாய் அரைத்து ஆத்தாள் மேல் பூசிவிட்டு வருவோம். எரிச்சல் தாங்காமல் அவள் சீக்கிரம் நியாயம் கேட்பாள் என்று நம்பிக்கை. நான் இருப்பதோ புனேயில், கராடியில், ஒன்பதாவது மாடியில். மிக்ஸி மூடியைத் திறந்ததும் கணவரும் மகளும் இருமிக்கொண்டே பால்கனிக்கு ஓடினார்கள். வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டு, கேஸ் கசிகிறதா என்று கேட்டார்.

அரைத்தது என் தோழிக்காக. ஒரே ஊர், ஒரே அலுவலகம். பத்து வருடம் ஒரே வண்டியில் வேலைக்குப் போய் வந்தோம். என் அம்மா போன பிறகு அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். இங்கே வரமாட்டார். கண் ஆபரேஷனைக்கூட, "நீ வந்தப்பறம் பாத்துக்கலாம் கண்ணு" என்று தள்ளிக்கொண்டே வந்தார். எங்கள் கோயம்புத்தூர் கிளையில் ஒரே ஒரு இடம் காலியானது. இருவரும் விண்ணப்பித்தோம், அவளுக்குக் கிடைத்தது. மேனேஜர்தான் பேச்சுவாக்கில் உளறினார். நான் சும்மா விண்ணப்பித்திருக்கிறேன், மகளின் படிப்பை விட்டுக் கடைசியில் கிளம்பமாட்டேன் என்று என்னைப் பற்றி அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, விழுதை எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக்கொண்டு தேஹு ரோட்டில் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டப்பாவைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"மேடம், மிர்ச்சியெல்லாம் இங்க சலேகா நஹி, ஆகாது. இந்த ஆத்தா ரொம்ப சாந்தம்."

"அப்ப நியாயத்த யாருங்க கேக்கறது?"

"அவதான் கேப்பா. எப்படி கேக்கணும்னு நீங்க ஆர்டர் போடாதீங்க. முப்பது வருஷம் ஸ்டோர்ல சாமான் வேணும்னு எழுதிப் போட்டேன். கேட்டது ஒருநாளும் வரல. வந்தத வெச்சுத்தான் வேலை நடந்துச்சு."

ஆத்தாளை நம்பச் சொல்கிறாரா, பழைய கம்பெனியைக் குறை சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் அவர் மனைவி, "எதுக்கு கராப் பண்றது, வீணால்ல போகும்?" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய், அன்னதானத்துக்குக் கொதித்துக்கொண்டிருந்த புளிக்குழம்பில் கொட்டிவிட்டார்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், அவளேதான். மாற்றல் கிடைத்ததற்கு நன்றி சொல்ல வந்திருந்தாள். குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"நம்மூருக் காரம் புள்ள," என்றாள்.

நாலாவது வாயிலேயே எனக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின. அழுகிறேன் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழமயானா நா போயி அப்பாவப் பாத்துட்டு வாரேன். அட்ரஸ் மட்டும் குடு."

ஆத்தா என் மனதை இளக்கிவிட்டாள் என்று பூசாரிக்கு ஒரே சந்தோஷம். மனம் ஒன்றும் இளகவில்லை, தொண்டைதான் எரிந்தது. அப்பாவின் கண்ணை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு முகவரியைக் கொடுத்தேன்.

சொன்னபடியே போனாள். அதுதான் பெரிய கொடுமை. ஒரு வாரமாவது போகாமல் இருந்திருந்தால் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன். ஆபரேஷனுக்கு அழைத்துப் போனதும் அவள், சொட்டு மருந்து போட்டதும் அவள். அப்பா போனில் அவள் புராணமே பாடினார். நான் கராடி டிராபிக்கில் உட்கார்ந்து உம் கொட்டினேன். அவளுக்கு ஒரு கெடுதல் கேட்டேன். ஆத்தா அப்பாவுக்கு ஒரு ஆளைக் கொடுத்தாள். நன்றி சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். வயிற்றெரிச்சலோடு சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பாவுக்கு நாக்கு செத்துப் போச்சாம். அந்தக் கோயில் கொழம்பு மாதிரி வெக்கலாம்னு பாக்கறேன். என்ன மொளகா போட்டாங்கன்னு தெரியுமா?"

"அது நா அரச்சது."

"எதுக்கு?"

"உனக்குத்தான்."

ஊர்க்காரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"நா சொன்ன பொய்யி உனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அன்னிக்கு நீ அழுதப்பவே நெனச்சேன்," என்றாள். பிறகு, "செரி, எத்தன மொளகா? அப்பா பசியோட இருக்காரு."

நான் அன்று அரைத்தது நாற்பது. எட்டுப் போதும் என்றேன்.